ஒரே வேர்ச் சொற்களும் நான் சொன்ன பொய்யும்

அன்பு மகளுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா என்றும் தெரியாது. எனக்கே இன்னும் பதினோராம் வகுப்பு முடியவில்லை. ஆனாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நேற்று நான் செய்த காரியத்தைச் சொல்ல வேறு ஆளில்லை. பள்ளிக்கூடச் சிநேகிதியிடம் சொன்னால் அவள் தன் அம்மாவிடம் சொல்வாள். அந்த அம்மா அடுத்த வீட்டுக்குச் சொல்வார். பிறகு அப்பா சிறையில் இருப்பார். நீ ஒருத்திதான் யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறாய். இதை வாசிக்கும்போது நீ வளர்ந்து, இப்போதுள்ள என்னைவிட மூத்தவளாக இருப்பாய். அதனால் மகள் என்ற கோபத்தோடு வாசிக்காதே. பயந்துபோன ஒரு தங்கச்சி எழுதியதாக நினைத்து வாசி.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து எழுதுகிறேன். ஷார்ஜாவில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு ஹாலும்தான். அறையில் அப்பாவும் அம்மாவும் படுப்பார்கள், ஹாலில் நான். சமையலறையில், காஸ் சிலிண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் பாய் விரித்து சத்யவதி படுத்திருக்கிறாள். அவள் நன்றாகத் தூங்குகிறாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. விடிந்ததும் துபாயிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போகிறோம், அங்கிருந்து ஊருக்குப் போகலாம் என்று நம்பித் தூங்குகிறாள். அப்படி நம்பவைத்தது நான். உண்மை என்னவென்றால், விடிந்ததும் அப்பா அவளைத் தன் கடைக்குப் பின்னாலுள்ள பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவள் தப்பி வந்த வீட்டின் டிரைவர் அங்கே வண்டியோடு நிற்பான்.

சத்யவதி எங்களுக்குச் சொந்தமில்லை, எங்கள் நாடும் இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தார், அவள் ஆந்திராவில் கோதாவரிப் பக்கம். போன வாரம் ரோலா கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போன அம்மா, பையோடு சேர்த்து அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கொதிக்கிற நடைபாதையில், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாளாம். மாலையில் வந்த அப்பா, சமையலறையில் யாரோ ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் வீட்டுக் கதவுகள் பேச்சைத் தடுக்கிற கதவுகள் இல்லை.

"ஆரப்பா இது?"

"தெரியாது. தெலுங்குப் பிள்ளை போல கிடக்கு."

"தெரியாத ஆளைக் கொண்டுவந்து வீட்டுக்க வச்சிருக்கிறீரோ? இதென்ன யாழ்ப்பாணமே? இஞ்ச பிடிபட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுமே உமக்கு?"

"அவவின்ர காலைப் பாத்தனீங்களே? செருப்பில்லை. ரெண்டு நாள் நிக்கட்டும். நான் சாப்பிடுறதில குடுக்கிறன். உங்கட பங்கில கை வைக்க மாட்டன்."

அம்மா சின்ன வயதில் சண்டைக்குப் பயந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர். அதைப்பற்றி என்னிடம் அதிகம் சொன்னதில்லை. ஆனால் வெறுங்காலைக் கண்டால் அவருக்கு வேறு விசாரணை தேவைப்படாது. அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, மகளே. இதை இங்கேயே எழுதிவைக்கிறேன், பின்னால் வருவதை வாசித்துவிட்டு நீ உன் தாத்தாவை வெறுக்கக்கூடாது. அவர் டைப்பிங் சென்டரில் வேலை செய்கிறார். விசா, ஐடி, விசாவை ரத்துச் செய்கிற கான்சல், புகார் என்று இந்த நாட்டில் ஒரு மனிதனுக்கு என்ன தேவையோ அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுக்கிற கடை. மொழி தெரியாத தொழிலாளிகள் வந்தால் தன் தேநீரை அவர்களிடம் தள்ளிவிட்டு, முதலில் குடியுங்கள் என்பார். "இந்தாள் ஒருத்தரைக் கண்டா பேர் கேக்காது, எக்ஸ்பயரி டேட் கேக்கும்" என்று அம்மா கேலி செய்வார். அப்பாவும் சிரிப்பார். எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது, முறைப்படி போனால் யாரும் யாரையும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் எங்களை இத்தனை வருஷம் இங்கே பத்திரமாக வைத்திருந்தார்.

இப்போது சத்யவதியோடு நான் எப்படிப் பேசினேன் என்பதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பொய் எவ்வளவு பெரியது என்று உனக்கு விளங்காது. இந்த வருஷத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பில் ஒரு சண்டை வந்தது. அவரவர் தாய்மொழியைப் பற்றிப் பேசச் சொன்னார் டீச்சர். தமிழ்ப் பையன் ஒருவன் எழுந்து, மலையாளம் எங்கள் வீட்டுக் கொல்லையில் பிறந்தது என்றான். கேரளத்துப் பெண் ஒருத்தி, "அப்படியென்றால் வாடகை கேட்டு வீட்டுக்கு வா, அம்மாவிடம் சொல்லிவைக்கிறேன்" என்றாள். வகுப்பே கத்தியது. டீச்சர் மேசையைத் தட்டி, யாரும் தன் மொழியைப் பற்றிப் பேசவேண்டாம், சம்பந்தமே இல்லாத ஒரு மொழிக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு நூலகத்தில் கிடைத்தது கெல்டிக் மொழிகளைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரான்சின் மேற்கு ஓரம் என்று கடலோரங்களில் ஒதுங்கிக் கிடக்கிற மொழிகள். எங்கள் வகுப்பில் யாருக்கும் அவை சொந்தமில்லை, அதனால் சண்டையும் வராது என்று எடுத்தேன்.

எடுத்தபிறகு என்னால் அதை வைக்க முடியவில்லை. வேல்ஸில் தலைக்குப் 'பென்' என்று பெயர். அயர்லாந்தில் 'க்யான்'. கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாகத் தெரியாது. மகனுக்கு அங்கே 'மாப்', இங்கே 'மாக்'. நாலுக்கு அங்கே 'பெட்வார்', இங்கே 'கெஹிர்'. மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருத்தர் ப என்கிற இடத்தில் மற்றவர் க என்கிறார்கள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. இரண்டு பேருக்கும் முன்னால் ஒரே மொழி இருந்தது, அதில் இருந்த ஒரு சத்தம் ஒரு வீட்டில் இப்படியும் மறு வீட்டில் அப்படியும் மாறிவிட்டது என்று புத்தகம் சொன்னது. கடலுக்கு இரண்டு பேருமே கிட்டத்தட்ட ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், 'மோர்', 'முயிர்'. பிரிந்துபோன பிள்ளைகள் பாத்திரங்களைப் பங்குபோட்டுக்கொண்டு போவதுபோல், தலையையும் மகனையும் நாலையும் கடலையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. ஆனால் அந்தப் பாத்திரங்களைத் தட்டினால் ஒரே உலோகம் என்று தெரியும்.

சத்யவதி வந்த மறுநாள் அம்மா கோழி வெட்டிக்கொண்டிருந்தார். அவள் அதைக் காட்டி, "கோடி" என்றாள். பிறகு தட்டுகளை எண்ணி அடுக்கினாள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஏடு. எனக்குக் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. கோழி, கோடி. ஏழு, ஏடு. நாங்கள் ழ என்கிற இடத்தில் அவர்கள் ட என்கிறார்கள். அப்படியென்றால் கூழ்? நான் சோற்றுப் பானையைக் காட்டி, "கூடு?" என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை உனக்கு எப்படிச் சொல்வேன். வாசலில்லாத சுவரில் ஒரு கதவு திறந்தமாதிரி. "கூடு! கூடு!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதற்குப்பிறகு நாங்கள் ஓயவில்லை. மூக்கு முக்கு. பால் பாலு. பாம்பு பாமு. ஊர் ஊரு. பெயர் பேரு. இல், அதாவது வீடு, இல்லு. உப்பு உப்பேதான். அக்காவும் அம்மாவும் அப்படியே இருந்தார்கள். கண்களைக் காட்டி அவள் "கள்ளு" என்றபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, இவவின்ர கண்ணைப் பாத்தா வெறிக்கும் போல" என்று சிரித்தார். அம்மா சிரித்து நாளாகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அவளும் என்னைப் "பில்லா" என்றாள். அவர்கள் மொழியிலும் பெண்பிள்ளைக்கு அதுதான். அவளுக்கும் ஊரில் ஒரு பில்ல இருக்கிறது, இடுப்பளவு உயரம்.

எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். அகராதி இல்லாமல், ஆசிரியர் இல்லாமல், ஒரு மொழியின் பூட்டை நானே திறந்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் அந்தக் கதவுக்குள்ளிருந்து வந்தவை வேறு. அந்தச் சின்னச் சின்ன வீட்டுச் சொற்களை வைத்துக்கொண்டே அவள் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கையைத் திருப்பிக் காட்டி "தாளம்" என்றாள். எங்கள் தாழ்ப்பாளில் உள்ள தாழ்தான் அது. வெளியிலிருந்து பூட்டுவார்கள். "கூடு லேது" என்று இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு நாள் சோறில்லை. சட்டைக் கையை ஏற்றி, துணி தேய்க்கிற இஸ்திரிப்பெட்டியின் மூக்கு வடிவத்தில் தழும்பைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "ஆ இல்லு, சாவு" என்றாள். சாவுக்கு எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இருக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல அவளுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் காது நான்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் தமிழில் சொன்னேன். ஆனால் சொல்லும்போது பாதி காற்றில் போய்விட்டது. அப்பா கேட்டுவிட்டு, "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார்.

நேற்று அப்பா வேலையிலிருந்து வந்து சாப்பிடவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பவும் இல்லை. அம்மா பலமுறை கேட்டபிறகுதான் சொன்னார். காலையில் கடைக்கு ஒருவர் வந்திருக்கிறார். மரியாதையானவர், அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சதீக், நண்பரே, அவசரமாக ஒன்று செய்துதர வேண்டும்" என்றிருக்கிறார். வீட்டு வேலைக்காரி ஓடிப்போய்விட்டாள், புகார் ஏற்ற வேண்டும். அப்பா வழக்கம்போல் பாஸ்போர்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் வெங்காயம் உரித்த முகம். அவர் என்ன செய்தார் தெரியுமா? டைப் செய்தார். பேரை, எண்ணை, ஓடிப்போன நாளை, எல்லாவற்றையும் பிழையில்லாமல் டைப் செய்து, சரிபார்த்து, அனுப்புகிற பொத்தானையும் அவரே அழுத்தினார். கை தானாகச் செய்தது என்றார். நடுவில் நிறுத்தினால் அந்த மனிதர் ஏன் என்று கேட்பாரே என்ற பயம் என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூட வழி இருந்திருக்கும். அப்பாவுக்கு அவருடைய முறை இருக்கிறதே. மாலையில் அந்த மனிதருக்கு அவரே போன் செய்துவிட்டார். ஆள் கிடைத்திருக்கிறாள், பஸ் நிலையத்தில் தெரிந்தவர்கள் கண்டார்கள், திரும்பி வரச் சம்மதம், புகாரை ரத்துச் செய்யுங்கள், கோபப்படாதீர்கள் என்று சமாதானம் பேசியிருக்கிறார். அப்பாவின் சொந்தக் கஃபீல், அதாவது அவருக்கு விசா கொடுத்த முதலாளி, நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் தோசை சாப்பிட்டவர். பேசினால் தீராதது இல்லை என்று அவர் அப்பாவிடம் அடிக்கடி சொல்வார். எல்லாக் கஃபீலும் அவரைப்போல இருப்பார்கள் என்று அப்பா கணக்குப் போட்டுவிட்டார். அந்தப் பக்கமும் மிக இனிமையாகப் பதில் வந்திருக்கிறது. நாளைக் காலையில் டிரைவரை அனுப்புகிறேன், உங்கள் கடைக்குப் பின்னால் நிற்பான் என்று.

"ஆள் திரும்பிப் போனா கம்ப்ளெயின்ற் கான்சல். கலாஸ், முடிஞ்சுது. அவவுக்கும் பிரச்சினை இல்லை, எங்களுக்கும் இல்லை."

"அவவின்ர கையைப் பாத்திட்டே இப்பிடிக் கதைக்கிறீங்கள்?" என்றார் அம்மா.

"நான் உள்ள போனா நீரும் பிள்ளையும் அடுத்த பிளைட்டில. பிள்ளையின்ர சோதினை? ஒராளை ஒளிச்சு வச்சிருந்தா என்ன குற்றம் எண்டு உமக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு நாளும் டைப் பண்ணுறன், எனக்குத் தெரியும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கண் சிவந்திருந்தது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, அவ பயந்து சத்தம் போட்டா பில்டிங் முழுக்க வந்திடும். நாளைக்கு எம்பசிக்குப் போறம் எண்டு சொல்லு. நீ சொன்னா அவ நம்புவா."

அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டார். பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

மகளே, வளர்ந்தபிறகு உன்னிடமும் யாராவது இந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். நீ சொன்னால் அவள் நம்புவாள் என்று. அதைச் சொல்கிறவர் உன்னை மெச்சுகிறமாதிரி இருக்கும். அந்த நேரத்தில் உனக்குப் பயம் வரட்டும். எனக்கு வரவில்லை. எனக்கு அப்பாவின் சிவந்த கண்தான் தெரிந்தது. என் பரீட்சையும் தெரிந்தது, பொய் சொல்லமாட்டேன். சமையலறைக்குப் போனேன். 'ரேபு' என்றால் நாளை. அது எங்களுக்குள் உறவில்லாத சொல், அவளிடமே கற்றுக்கொண்டது. "ரேபு. எம்பசி. பாஸ்போர்ட். ஊரு" என்றேன். அவ்வளவுதான். எங்கள் இரண்டு மொழிக்கும் பொதுவாக ஆயிரக்கணக்கான வருஷமாக இருந்துவந்த ஊரை எடுத்து அந்தப் பொய்க்கு நடுவில் வைத்தேன். அவள் ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "மா பில்ல" என்றாள், எங்கள் பிள்ளை என்று. பிறகு, "நின்னு நம்முதானு" என்றாள். அந்தச் சொல்லை அவள் எனக்குக் கற்றுத்தரவில்லை. கற்றுத்தரத் தேவையும் இருக்கவில்லை. பாம்பு பாமு ஆனமாதிரி, நம்பு நம்மு. உன்னை நம்புகிறேன் என்கிறாள்.

அந்தக் கெல்டிக் புத்தகத்தில், அப்படி ஒரு மொழி பேச ஆளில்லாமல் போய்விட்டதாகவும் பிறகு சிலர் ஏடுகளிலிருந்து அதை மீட்டுப் பேச ஆரம்பித்ததாகவும் படித்திருக்கிறேன். மொழியைக்கூடத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்போல. ஒருத்தியிடம் சொன்ன இந்தச் சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாளியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாங்கு சொல்வார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது. நான் பேசாமல் படுத்துவிட்டால், விடிந்ததும் அந்த வண்டிக் கதவு சாத்தும்போது அவள் என்னைத் தேடிப் பார்ப்பாள். அப்பாவை இல்லை, என்னை.

போய்ச் சொல்லப்போகிறேன்.

*

மகளே, இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். கையெழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள்.

தோளைத் தொட்டதும் அவள் விழித்துக்கொண்டாள். ஊருக்குப் போக நேரமாகிவிட்டது என்று நினைத்துச் சிரித்தாள். நான் தலையை ஆட்டினேன். "எம்பசி காது. ஊரு காது" என்றேன். 'காது' என்றால் இல்லை, அப்படி அல்ல. "ஆ இல்லு" என்றேன். அந்த வீடு. அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. என்னை அடித்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. எழுந்து உட்கார்ந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விடுகிறவர்கள் சுருட்டுகிற மாதிரி. நான் அவள் கையைப் பிடித்து, என் நெஞ்சைத் தொட்டு, "நானு, நீ, எம்பசி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை, மகளே. போக வேறு இடமில்லாதவள் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

திரும்பினால் அம்மா வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கையில் அவருடைய செருப்பும், பெரிய சால்வையும், பஸ் கார்டும்.

"என்ர செருப்பு அவவுக்குக் காணும். போங்கோ."

"அப்பா?"

"அவரை நான் பாக்கிறன். நீ பள்ளிக்கூட உடுப்போட போ, ஆரும் கேக்க மாட்டினம். போ பிள்ளை, நிண்டு கதைக்காத."

படியிறங்கும்போது மேலே அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் ஓடினோம். சத்யவதிக்கு அம்மாவின் செருப்பு பெரிதாக இருந்தது, ஒவ்வொரு படியிலும் டப் டப் என்று அடித்தது. ரோலாவில் முதல் பஸ். பின் இருக்கையில் அவளை ஜன்னலோரம் இருத்தி, நான் இந்தப் பக்கம் இருந்தேன். பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் போன் அடித்தது. அப்பா. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு நின்றது. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. அந்த டிரைவருக்குச் சொல்லியிருப்பாரோ? பஸ் நிற்கிற இடத்தில் ஆள் நிற்பார்களோ?

பிறகு இரண்டு செய்தி வந்தது. ஒன்று படம். சத்யவதியின் பாஸ்போர்ட் பக்கம், கடையில் அந்த மனிதர் அனுப்பியது. மற்றது அப்பாவின் குரல். காதுக்குள் வைத்துக் கேட்டேன். மூச்சிரைத்துக்கொண்டு பேசினார்.

"பிள்ளை, எடுக்காட்டிப் பரவாயில்லை, இதைக் கேள். எம்பசிக்குப் பின்பக்கத்தால போகாத. அங்க டிரைவர்மார், ஏஜெண்டுமார் நிப்பினம். முன் கேற்றுக்குப் போ. கியூவில நிக்காத. செக்யூரிட்டியிட்ட, ஹவுஸ்மெயிட், ஷெல்டர் வேணும் எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் கதைக்காத. பாஸ்போர்ட் கொப்பி அனுப்பியிருக்கு, அதைக் காட்டு. அது இல்லாட்டி அவ ஆரெண்டே அவைக்குத் தெரியாது..."

பின்னால் அம்மாவின் குரல். "கடைக்குப் போனா என்ன சொல்லப் போறீங்கள்?"

"ஆள் வரேல்லை எண்டு சொல்லுவன். வேற என்னத்தைச் சொல்லுறது."

"அவன் விடுவானே?"

"விடமாட்டான்." அதோடு குரல் முடிந்துவிட்டது.

மகளே, நான் இதை மூன்று முறை கேட்டுவிட்டேன். ஒரு முறை கேட்கும்போது, என் அப்பா தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் எங்களோடு வந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. இன்னொரு முறை கேட்கும்போது, நேற்றுக் காலையில் அனுப்புகிற பொத்தானை அழுத்திய அதே ஆளின் குரல்தானே இது, முன் கேற்றில் அந்த டிரைவரை நிறுத்திவிட்டு எங்களை அங்கே வரச் சொல்கிறாரோ என்று தோன்றுகிறது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது அப்படிச் செய்வாரா? நேற்றும் அம்மா பக்கத்தில்தான் இருந்தார். உன்னால் பதில் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சத்யவதியிடம் படத்தைக் காட்டினேன். தன் முகத்தைப் பார்த்ததும் விரலால் தொட்டாள். கண்ணாடியில் விரல் பட்டதும் படம் பெரிதாகிவிட்டது, பயந்து கையை எடுத்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன், "கொண்டேட்டி சத்யவதி." அவள் அதைச் சரியான ஓசையில் திருப்பிச் சொன்னாள். தன் குடும்பப் பெயரைத் தன் வாயால் சொல்லி எத்தனை மாதமானதோ, இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு போனைக் காட்டி, "எவரு?" என்று கேட்டாள். எவர் அனுப்பியது?

பொய் சொல்லச் சுலபமான நேரம் இதுதான். யாரோ ஒரு நல்லவர் என்று சொல்லிவிடலாம். "எங்கட அப்பா" என்றேன். அப்பா அவளுக்கு விளங்கும். பிறகு என்னிடம் இருந்த எல்லாச் சொற்களையும் கூட்டி, அவர் முன் கேற்றுக்குப் போகச் சொல்கிறார் என்றும், அது சரியாகவும் இருக்கலாம் பிழையாகவும் இருக்கலாம் என்றும், எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். தெரியாது என்பதற்குக் கையை விரித்துக் காட்டினேன். இரண்டு வாசல். நீ சொல்லு என்று அவளைக் காட்டினேன். அவள் பெயரும் படமும் இருக்கிற விஷயத்தில் இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை, நானும்தான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தூதரக அலுவலகம் இருக்கிற பர்துபாய் வந்துவிட்டது, கடைகள் இன்னும் திறக்கவில்லை. நடைபாதையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். சால்வையை இழுத்துத் தலையைப் போர்த்தினாள். "முந்து" என்றாள். முன்பக்கம்.

பஸ் மெதுவாகிறது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் எனக்கு முன்பே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு நேரே நிற்கிறாள்.